அரசரின் கைக்கு எட்டாத நாற்காலி

1616-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கைப் பதவியிலிருந்து தூக்கினார். கோக் லஞ்சம் வாங்கவில்லை. தன்னைக் கலந்தாலோசிக்கும்வரை ஒரு வழக்கை நிறுத்திவைக்கும்படி மன்னர் சொன்னதற்கு இசையவில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பின்னும் பல நீதிபதிகள் இப்படி வெளியேறினார்கள்.

1701-இல் நாடாளுமன்றம் இதற்கு முடிவு கட்டியது. கத்தோலிக்கர் யாரும் அரியணை ஏறிவிடக் கூடாது என்பதற்காக எழுதிய வாரிசுச் சட்டத்துக்குள்ளேயே நீதிபதிகளுக்கும் ஒரு வரி இடம்பிடித்தது: ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை பதவி, இரு அவைகளும் கேட்டால் நீக்கலாம். அந்த வழியில் நீக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அயர்லாந்தின் கடல்சார் நீதிமன்றத்தில் கட்டப்பட்ட பணத்தைக் கையாடிய ஜோனா பாரிங்டன், 1830-இல் பதவி இழந்தார்.

இந்தப் பாதுகாப்பைக் காலனிகளுக்குக் கப்பலேற்ற லண்டனுக்கு மனமில்லை. நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் மன்னர் விருப்பத்தில் தொங்குவதை அமெரிக்கர்கள் 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்திலேயே புகாராக எழுதினார்கள். பிறகு அதே ஆங்கில விதியைத் தங்கள் அரசியல் சாசனத்தில் வைத்துக்கொண்டார்கள். நீக்குவதற்கு மட்டும், இங்கிலாந்தில் அமைச்சர்கள்மீது பாய்ந்த பழைய குற்ற விசாரணை முறையை எடுத்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் 1805-இல் அதிலிருந்து தப்பினார். அதன் பிறகு, தீர்ப்பு பிடிக்காததால் நீதிபதியை நீக்குவதில்லை என்ற மரபு அங்கே வேரூன்றியது.

இந்தியா 1950-இல் ஆங்கில வழியையே எடுத்து, பூட்டை இன்னும் இறுக்கியது. தவறு நிரூபிக்கப்பட வேண்டும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமிமீது, முன்பு பஞ்சாப்–ஹரியானா தலைமை நீதிபதியாக அதிகாரபூர்வ இல்லத்துக்கு வரம்புமீறிச் செலவழித்தார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றில் பல நிரூபணமானதாக விசாரணைக் குழு சொன்னது. 1993 மே மாதம் மக்களவையில் 196 பேர் தீர்மானத்தை ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் தீர்மானம் தோற்றது. என்னைப் பொறுத்தவரை, எதிர்த்து வாக்களிப்பதைவிட மோசமான செயல் அது.

நீக்கத்தில் மட்டுமல்ல, நியமனத்திலும் அரசின் பிடி தளர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நீதிபதி நியமனத்தில் தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் ஆகியோரின் கருத்துக்கே முதன்மை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான இன்றைய கொலீஜியம் அதில் பிறந்தது. நீக்கும் முயற்சியோ மீண்டும் பாதியில் நின்றது: 2011-இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென்னை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதை எடுப்பதற்குள் அவர் ராஜினாமா செய்துவிட்டார்.