சீட்டி: கண் வைத்த பெயர்

சீட்டிப் பாவாடை என்றால், பூவோ புள்ளியோ அச்சிட்ட மலிவான பருத்தித் துணியில் தைத்தது என்றே தமிழில் பொருள். ஆங்கிலத்தின் ‘சின்ட்ஸ்’, டச்சின் ‘சிட்ஸ்’ எல்லாம் இதன் உறவுகளே. தெறித்த துளி, கறை என்று பொருள்படும் இந்தியின் ‘சீண்ட்’ என்பதே மூலம். ‘சித்ர’ என்ற வடசொல்லோடு இணைப்போரும் உண்டு. அப்போதும் பல நிறம் விரவியது என்ற பொருள்தான் கிடைக்கிறது. ஆக, பெயர் வைத்தது துணியின் மேற்பரப்பைப் பார்த்த கண். செய்த கைக்கு அதில் பங்கில்லை.

கை செய்ததோ நேர்மாறான வேலை. சோழமண்டலக் கரையில் சிவப்பும் கறுப்பும் நிறமாகத் தெளிக்கப்படவில்லை. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரையும், கறுக்க வேண்டிய இடத்தில் இரும்பு ஊறிய புளிப்பு நீரையும் தீட்டினார்கள். பிறகு சாயவேர்க் கொதிநீரில் முழுத் துணியையும் முக்கினால், தீட்டிய இடம் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு இன்னும் தலைகீழ்: நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் இறக்க வேண்டும். மஞ்சளை நேரடியாகத் தீட்டினார்களே என்று கேட்கலாம். தீட்டினார்கள்தான், வெளுத்துப்போன நிறமும் பெரும்பாலும் அதுவே.

இப்படி உழைத்துச் செய்த துணியின் பெயர் பின்னாளில் மலிவுத் துணிக்குரியதானது, இயந்திர அச்சின் சாயம் நிற்காததால்தான் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தாமஸ் பெல் 1783-இல் உரிமம் பெற்ற உருளை அச்சு பரவியபின்னும், ஆலைகள் வெகுகாலம் படிகாரத்தையும் இரும்பையும் அச்சிட்டே சாயமேற்றின. வேதியியல் மாறாமலே விலை விழுந்தது. தோற்றத்தை மட்டும் குறித்த பெயர், அந்தத் தோற்றம் எப்படி வந்தாலும் ஏற்றுக்கொண்டது. செய்முறையைக் குறிக்கும் ‘கலம்காரி’, அதாவது எழுதுகோல் வேலை, அவ்வளவு எளிதில் ஆலைத்துணியின் பெயராகவில்லை. இன்று அச்சுத்துணியும் கலம்காரி என்றே விற்கிறது என்பது உண்மை. ஆனால் அதைப் போலி என்று சொல்ல அந்தப் பெயரே இடம் தருகிறது. போலிச் சீட்டி என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் இன்னொரு திருப்பமும் நேர்ந்தது. கஞ்சியிட்டுத் தேய்த்து ஏற்றிய மினுக்கம், சின்ட்ஸின் அடையாளமாகவே ஆயிற்று. கடைசியில் பூவும் புள்ளியும் இல்லாத ஒற்றை நிறத் துணிகூட, மினுக்கம் இருந்தால் சின்ட்ஸ் எனப்பட்டது.