பசுங்கணிகம் பிறந்த கதை

தாவர செல் தன் சுவரைத் தானே கட்டிக்கொள்ளும். புரதங்களையும் தானே தயாரிக்கும். ஆனால் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தை மட்டும் அதனால் புதிதாக உருவாக்க முடியாது. பசுங்கணிகத்தையோ அதன் நிறமற்ற இளவடிவத்தையோ தாய்ச் செல்லிடமிருந்து பெற்றாக வேண்டும். பசுங்கணிகம் பிளந்துதான் பசுங்கணிகம் பிறக்கிறது என்று 1883இல் எழுதிய ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷிம்பர், இது ஒருகாலத்தில் தனி உயிராக இருந்திருக்குமோ என்ற ஐயத்தையும் ஓர் அடிக்குறிப்பில் எழுப்பினார். 1905இல் ரஷ்யர் மெரெஷ்கோவ்ஸ்கி அதை உறுதியாகவே சொன்னார்: இது குடிவந்த நீலப்பசும்பாசி. பல பத்தாண்டுகள் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. பசுங்கணிகத்துக்குள் டிஎன்ஏ இருப்பதை 1962இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. 1967இல் உயிரியலாளர் லின் மார்குலிஸ் சான்றுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையையும் பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே ஓர் இதழ் ஏற்றது.

நடந்தது இதுதான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இரை தேடித் திரிந்த ஒற்றைச் செல் உயிர் ஒன்று நீலப்பசும்பாசி என்ற பாக்டீரியாவை விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை. உள்ளே போனது வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்தது. பசுங்கணிகத்தைச் சூழ்ந்துள்ள இரட்டைச் சவ்வு அந்த நாளின் தடயம். புரதம் தயாரிக்கும் அதன் ரைபோசோம்களும் பாக்டீரியா வகையே. குளோராம்ஃபெனிகால் மருந்து பாக்டீரியாவின் புரத உற்பத்தியை முடக்குவதுபோல் பசுங்கணிகத்தின் உற்பத்தியையும் முடக்கும்.

தனித்து வாழும் நீலப்பசும்பாசிக்கு ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உண்டு. 1986இல் ஜப்பானில் முழுமையாகப் படிக்கப்பட்ட புகையிலைப் பசுங்கணிக டிஎன்ஏவிலோ நூற்றுச் சொச்சம்தான். மற்றவற்றில் பல தொலைந்தன. பல செல்லின் உட்கருவுக்கு இடம்பெயர்ந்தன. இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைப்பது ரூபிஸ்கோ. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத் தரும் இந்த நொதி இல்லையேல் நெல்லும் இல்லை, தென்னையும் இல்லை. அதன் எட்டுப் பெரிய துண்டுகளுக்கான மரபணு பசுங்கணிகத்திடம் இருக்கிறது. எட்டுச் சிறிய துண்டுகளுக்கானவை உட்கருவிடம். சிறியவை வெளியே தயாராகி, இரண்டு சவ்வுகளையும் கடந்து உள்ளே வந்து பெரியவற்றோடு சேர்ந்தால்தான் நொதி முழுமையாகும். விருந்தாளி, வீட்டுக்காரர் என்று இனி பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இப்படிப்பட்ட குடியேற்றம் ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. 1895இல் ஜெர்மனியில் விவரிக்கப்பட்ட பாலினெல்லா என்ற அமீபா, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தனியாக வேறொரு நீலப்பசும்பாசியை உள்வாங்கியது. அதன் பச்சை உறுப்பில் இன்னும் 870 அளவில் மரபணுக்கள் மிச்சமிருக்கின்றன. சில ஏற்கெனவே உட்கருவுக்குப் போய்விட்டன.