சிசுவின் நாவில் இட்ட கசப்பு

சீன தேசத்தின் தென்பகுதிகளில், பிறந்த சிசு தாய்ப்பாலைச் சுவைக்கும் முன்பாகவே, ஹுவாங்லியான் என்னும் மூலிகைக் கிழங்கை ஊறவைத்த நீரில் சில துளிகளை அதன் நாவில் விடும் வழக்கம் பல தலைமுறைகளாக நிலவி வந்தது. கருவிலிருந்தே குழந்தையைத் தொடர்ந்து வரும் உஷ்ணமும் விஷமும் அக்கசப்பினால் நீங்குமென்று வைத்தியர்கள் கூறினார்கள். கசப்பை முதலில் அருந்தியவனுக்குப் பின்னால் வருவதெல்லாம் இனிப்பாகுமென்று வீட்டு மூதாட்டியர் நம்பினார்கள். சாஸ்திரமும் நம்பிக்கையும் சில துளி நீரில் கலந்து நின்ற அந்தச் சம்பிரதாயம், பிற்காலத்தில் சிங்கப்பூரில் ஒரு கடுமையான பரீட்சைக்கு உள்ளாயிற்று.

ஹுவாங்லியான் மலைச்சரிவுகளின் ஈர நிழலில் வளரும் சிறு செடி. மண்ணுக்கடியில் கோழியின் கால்விரல்களைப் போலக் கிளைத்துக் கிடக்கும் அதன் கிழங்கை முறித்தால் உள்ளே பொன்மஞ்சள் நிறம் தோன்றும். நம் நாட்டு மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் என்ற சத்தே இதிலும் நிறைந்திருக்கிறது. இதன் கசப்பு எவ்வளவு பிரசித்தமென்றால், தன் துயரத்தை வெளியிட வழியின்றித் தவிப்பவனை ஹுவாங்லியானைத் தின்ற ஊமை என்று சொல்வது சீனரின் பழமொழியாகவே ஆகிவிட்டது.

சீனத்தின் மிகப் பழைய மருந்து நூலாகிய ஷென்னோங் பென்சாவோ ஜிங், ஔஷதங்களை மூன்று தரமாக வகுத்து, இதனை உத்தம வகையில் வைத்தது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் பேதிக்குரிய கஷாயத்தில் இதைச் சேர்த்தார். 752இல் வாங் தாவ் தொகுத்த மருத்துவப் பெருநூலில், ஹுவாங்லியானோடு வேறு மூன்று கசப்பு மருந்துகள் கூடிய, உஷ்ண விஷத்தைப் போக்கும் கஷாயம் இடம்பெற்றது. அக்கஷாயம் இன்றும் வழக்கிலிருக்கிறது. 1578இல் லி ஷிஜென் என்ற வைத்தியர் தம் மருந்து மகாகிரந்தத்தை முடித்தபோதும் இம்மூலிகைக்கு விரிவான இடம் அளித்தார். குடல் நோய்க் கிருமிகளை அடக்கும் ஆற்றல் பெர்பெரினுக்கு உண்டென்று நவீன ரசாயனம் கண்டிருப்பதால், முன்னோரின் அனுபவம் வெறும் கற்பனையன்று என்பது தெளிவு.

முன்பு சிச்சுவானைச் சேர்ந்திருந்து இப்போது சோங்சிங் ஆட்சிக்குட்பட்ட ஷிஜூ மலைநாடு இப்பயிருக்குப் பேர்பெற்றது. வெயில் தாங்காத செடியாதலால், குடியானவர்கள் காட்டு மரங்களை வெட்டிப் பந்தலிட்டு, அந்நிழலில் சுமார் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து கிழங்கைத் தோண்டினார்கள்; மருந்துக்காக வனம் அழிந்தது இவ்வணிகத்தின் வருந்தத்தக்க பக்கம். இதன் உறவுச் செடியொன்று இன்றைய அருணாசலப் பிரதேசத்து மிஷ்மி மலைகளிலும் வளர்கிறது. அம்மலைவாசிகள் சிறு பிரம்புக் கூடைகளில் அடைத்து அஸ்ஸாமுக்குக் கொண்டுவந்த அக்கிழங்கு, மிஷ்மி தீதா என்ற பெயரில் வங்காளத்துச் சந்தைவரை சென்றது.

தென்சீனத்திலிருந்து கடல் கடந்து சிங்கப்பூரில் குடியேறிய மக்கள், தங்கள் தெய்வங்களோடு தங்கள் மருந்துகளையும் கொண்டு சென்றார்கள். அங்கே பிறந்த சிசுக்கள் பலவற்றைக் கொடிய மஞ்சட்காமாலை பற்றியது. பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் மூளையில் படிந்து, சில உயிர்களைப் பறித்தது, சிலரை ஆயுள் முழுதும் ஊனமாக்கியது. செங்குருதி அணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளே இதற்குப் பெரிதும் இரையாவதைக் கண்ட மருத்துவர்கள், 1965 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தையும் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். பேராசிரியர் வோங் ஹோக் பூன் முதலிய குழந்தை வைத்தியர்கள், ஹுவாங்லியான் போன்ற மூலிகைகள் அந்நோயைத் தூண்டுகின்றன என்று ஐயுற்றார்கள். 1978இல் சிங்கப்பூர் அரசு பெர்பெரினையும் ஹுவாங்லியானையும் தடை செய்தது. புரதத்தோடு பிணைந்திருக்கும் பிலிருபினைப் பெர்பெரின் விடுவித்துவிடுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அத்தடை, சான்றுகள் மறுபடி ஆராயப்பட்ட பின், 2013 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. வளர்ந்தவர்களின் வயிற்று நோய்க்கு உதவும் மருந்தை முற்றிலும் விலக்குவது அவசியமன்று எனத் தெளிந்த போதிலும், சிசுவைப் பற்றிய எச்சரிக்கை நீங்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பழைய வைத்தியம் பொய்யென்றோ, நவீன வைத்தியம் பகையென்றோ முடிவு கட்டுவது நியாயமாகாது. வளர்ந்தவனின் குடலுக்கு அமிர்தமான ஔஷதம் ஒருநாள் வயதுச் சிசுவின் இரத்தத்துக்கு ஆபத்தாகலாம்; அந்தப் பேதத்தை அறிவிக்க வல்லது பரிசோதனையே அன்றி, பழக்கத்தின் வயது அன்று. முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற மருந்துகளை நன்றியோடு பேணுவோம். ஆனால் பேசத் தெரியாத குழந்தையின் வாயில் எதை இடுவதாயினும், முதலில் மருத்துவரைக் கேட்டு இடுவோம்.