குழந்தைகள் கலைக்களஞ்சியம்

தமிழ் வளர்ச்சிக் கழகம் சிறுவர்களுக்காகப் பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட அகரவரிசை நூல். முதல் தொகுதி 1968-லும் கடைசித் தொகுதி 1976-லும் வந்தன. முதன்மை ஆசிரியர் பெ. தூரன்.

ஆங்கிலத்தில் ஆர்தர் மீ தொகுத்த சிறுவர் களஞ்சியம் 1908 முதல் இரு வாரத்துக்கு ஒரு பகுதியாக வந்தது. அதன் நடுவே இருந்தது பிரிட்டனும் அதன் பேரரசும்தான். தமிழில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-லேயே வந்துவிட்டது என்றாலும், அது புலவர்க்கும் பெரியவர்க்கும் உரிய நூல்.

சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பெரியவர்களுக்கான ‘கலைக்களஞ்சிய’ வேலை மறு ஆண்டே தொடங்கியது. அதன் ஒன்பது தொகுதிகள் 1954-க்கும் 1963-க்கும் இடையே வெளிவந்தன. விட்டதையும் மாறியதையும் சேர்க்க 1968-இல் ஓர் இணைப்புத் தொகுதி வந்தது. அதே ஆண்டில்தான் குழந்தைகளுக்கான முதல் தொகுதியும். இரண்டுக்கும் ஆசிரியர் தூரனே. பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை அடுத்துப் பட்டத் தேர்வை எழுத மறுத்தவர்; பின்னர் கோவைப் பக்கம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்; பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எழுதியவர். பெரிய களஞ்சியத்தைச் சுருக்கிவிட்டால் சிறுவர் நூல் ஆகிவிடாது. வகுப்பறையில் பழகிய கை வேண்டும்.

இந்த நூலுக்கு நேர்ந்த சங்கடம் வேறு. அது அச்சாகிக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகளில் சொந்த நாட்டிலும் அக்கம்பக்கத்திலும் பெயரும் எல்லையும் மாறிக்கொண்டிருந்தன. முதல் தொகுதி வந்தது சென்னை மாநிலத்தில்; 1969 ஜனவரி 14 அன்று அதுவே தமிழ்நாடு ஆயிற்று. ‘ச’வில் தேடவேண்டிய மாநிலம் ‘த’வுக்குப் போய்விட்டது. அது பின்வரிசைக்குப் போனதால் பரவாயில்லை. 1973-இல் மைசூர் கர்நாடகம் ஆனது: ‘ம’விலிருந்து ‘க’வுக்கு, அதாவது முன்வரிசைக்கு. முன்வரிசை அச்சேறிவிட்டால் புதிய பெயருக்கு எங்கே இடம்? அகரவரிசைத் தொகுதிகளைத் தவணை முறையில் அச்சிடுகிற யாருக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1971-இல் பிறந்த வங்கதேசத்துக்கு அவ்வகையில் அதிர்ஷ்டம். ‘வ’ வரும்வரை நாள் இருந்தது. 1975-இல் சிக்கிம் இந்தியாவோடு சேர்ந்தபோது வரிசை பெரும்பாலும் முடிந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1972-இல் சிலோன் என்ற ஆங்கிலப் பெயர் ஸ்ரீலங்கா ஆனபோது தமிழில் ஓர் எழுத்தும் அசையவில்லை. நமக்கு அது என்றைக்குமே ‘இ’யில் இலங்கைதான்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இத்தொகுதிகளை இப்போது படிக்கலாம்.