விட்டவன் விழுக்காடு

இன்று உயில் என வழங்கும் மரணசாசனத்தை ஸ்ம்ருதிகள் அறியா. ஒருவன் வாழுங்காலத்தில் கொடுப்பது தானம். அவனுக்குப்பின் மக்கள் பெறுவது தாயம். இவ்விரண்டையுமே அவை விரித்துரைத்தன.

அயனம்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள பூவிருந்தவல்லியில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். தந்தையார் பொருளைக் குமாரர்களுக்குப் பகிர்ந்தளித்தபோது, உடன்பிறந்தார் தம் பங்கை வாணிபத்தில் பெருக்க, நம்பிகள் தம் பங்கை பகவத் பாகவத கைங்கர்யங்களில் செலவிட்டார் என்பது ஐதிஹ்யம். தாயமாக வந்ததைத் தம் காலத்திலேயே தானமாக்கியவருக்கு, பின்னர் நிறைவேற்றித் தருவார் ஒருவரைத் தேடவேண்டிய நிலை நேரவில்லை.

தம் காலத்திற்குப் பின்னும் தர்மம் நடக்க விரும்பியவர்க்கே அக்கவலை உண்டு. சென்னையில் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதிவைத்துப் பரமபதித்தார். காசி முதல் கன்னியாகுமரி வரை கோயில்களுக்கும் அறங்களுக்கும் அதில் பொருள் ஒதுக்கியிருந்தார். ஆயினும் நிறைவேற்ற வேண்டியவர்கள் காலந்தாழ்த்தினர். வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் மிகுந்து குவிந்திருந்த தொகை கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842-இல் பள்ளி தோன்றியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும் தாதாவின் நெஞ்சில் முதலில் இருந்தது அதுவன்று.

இதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே திருமலையில் இக்குறைக்கு வழி கண்டிருந்தனர். அங்கே ஒருவர் அளித்த திரவியம் ஸ்ரீபண்டாரத்தில் முடங்கிக் கிடப்பதில்லை. கோயில் கிராமங்களில் ஏரியும் காலும் வெட்டச் செலவாகி, அதனால் மிகும் விளைவிலிருந்து அமுதுபடி நடக்கும். அமுதுசெய்த பிரஸாதத்தில் நாலில் ஒன்று கொடுத்தவருடையது. 'விட்டவன் விழுக்காடு' என்பது அதன் பெயர். அதனைப் புத்ர பௌத்ர பரம்பரையாகப் பெறுவோரும் உண்டு. பிறருக்கு விட்டுக்கொடுப்போரும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் ஸாளுவ நரசிம்மர் தம் விழுக்காட்டை ராமாநுஜ கூடத்தில் ஸ்ரீவைஷ்ணவர்களின் ததீயாராதனத்திற்கு ஆக்கினார். நிர்வாகம் கந்தாடை ராமாநுஜ ஐயங்காரிடமும், அவருக்குப்பின் அவருடைய சிஷ்ய பரம்பரையிடமும் செல்வதாயிற்று. பொருள் யாருக்கு என்பதோடு, அடுத்து நடத்துவார் யார் என்பதும் கல்லில் ஏறியது. நாள்தோறும் சோறு பெறுவாரே, அது நின்றால் முதலில் கேட்பாருமாவர்! இந்தக் காவல் பச்சையப்பரின் உயிலுக்கு வாய்க்கவில்லை.

அந்தத் திருமலைச் சாஸனங்கள் பலவற்றின் கடைசி வரியில் கையெழுத்திடும் கோயில் கணக்கர், ஆவடிக்கு அப்பாலுள்ள நம் திவ்யதேசத்தின் பெயர்கொண்ட 'திருநின்றவூருடையான்'. அவர் எழுத்தை அடுத்து, தர்மத்தைக் காப்பவராக அரசனையன்றி அடியார் குழாத்தையே சுட்டி, 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்று முடியும்.