சுவர் இருந்த ஆலயம்



நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் சரிசமமாகப் பழகியவர். 1752இல் மறைசாட்சியானார், 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அதே ஊரில் 1872இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று. மக்கள் கூடும் மண்டபமோ இரண்டு. நடுவே சுவர். தங்களை மேல்சாதி என்று கருதியவர்கள் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. பிரிவினை தங்கள் உரிமை என்று சிலர் வழக்காடினார்கள். நம் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அவர்களும் நம்மைப் போலச் செபமாலை சொன்னவர்கள், தவக்காலம் அனுசரித்தவர்கள்தாம். வழிபாட்டில் ஆள் பார்த்து இடம் கொடுப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு திருமுகம் 2ஆம் அதிகாரம் அவர்கள் விவிலியத்திலும் இருந்தது.

தேனாம்பேட்டையில் நமக்கு அப்படிச் சுவர் இல்லை. யாரும் எந்த பெஞ்சிலும் அமரலாம். ஆனால் வீடு வாடகைக்கு விடும்போதும், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போதும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோமே! அந்தக் கேள்வியும் சுவர்தான். அதை இடிக்க எந்த நீதிமன்றமும் வராது. நாம்தான் இடிக்க வேண்டும். இந்த வாரம் அந்தக் கேள்வி நாவில் எழும்போது, கேட்காமல் விடுவோம்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.