கம்பங்கூழ் மெனு கார்டுக்கு வந்த கதை

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் ஏதாவது ஒரு பெரிய ஓட்டலில் "சீசன் ஸ்பெஷல்" என்று புது மெனு போட்டிருக்கிறார்கள் என்றால், அதில் என்ன இருக்கும் என்று போகாமலேயே சொல்லிவிடலாம். மண் குவளையில் கம்பங்கூழ், பக்கத்தில் மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும். ராகிக் களி, கீரைக் கடைசல். கொள்ளு ரசம், சாமைப் பொங்கல், கடைசியில் தினைப் பாயசம். சாப்பாட்டுப் பிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு ஒன்று சொல்லி, தட்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு, இதில் ஒரு வாய் அதில் ஒரு வாய் என்று ருசி பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எங்க அமுச்சி கிண்டுன களியாட்டமே இருக்குது!"

அந்த அமுச்சியைக் கூட்டி வந்து அதே மேஜையில் உட்கார வைத்தால், அவர் பெரும்பாலும் இட்லிதான் கேட்பார். ஏன் என்பதில்தான் கொங்கு நாட்டின் நூறு வருடச் சாப்பாட்டு வரலாறு இருக்கிறது.

கொங்கு நாடு என்றதும் பச்சைப் பசேலென்ற வயல் நினைவுக்கு வந்தால், அது பொள்ளாச்சியில் எடுத்த சினிமாப் பாட்டுகள் செய்த வேலை. திருப்பூர், பல்லடம், காங்கயம், அவிநாசி வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருடம். அமராவதி, நொய்யல், பவானிக் கரையோரங்களிலும் குளத்துப் பாசனம் இருந்த இடங்களிலும் மட்டும் நெல் விளைந்தது. மற்றதெல்லாம் கம்பு, சோளம், ராகி. கிணறு இருந்த தோட்டத்தில் ராகியும் பருத்தியும். கிணறு இல்லாத காட்டில் கம்பும் சோளமும் கொள்ளும். (இந்த ஊர்களில் காடு என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம்.)

அங்கே மெனு போடுவது மழைதான். ஆடிப்பட்டத்தில் விதைத்த கம்பு ஐப்பசி வாக்கில் கதிராகிவிடும். கம்புக்கு நடுவே ஊடுபயிராகப் போட்ட தட்டைப்பயறும் மொச்சையும் அவரையும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வரும். மார்கழி, தையில் பச்சை மொச்சைக் குழம்பு இல்லாத வீடு இருக்காது. தையில் பனங்கிழங்கு. சித்திரை வெயிலுக்கு நுங்கும் பதநீரும். பிறகு மறுபடி ஆடி. காவிரி, அமராவதிக் கரை ஊர்களில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுவது. வாட்டிய பிறகு ஒருவர் தேங்காயை இன்னொருவர் ருசி பார்க்காமல் விடுவதில்லை. "சீசனல் டேஸ்டிங்" என்று ஓட்டல்காரர்கள் இன்று சொல்வதற்கு இதைவிடப் பழைய உதாரணம் தேடுவது கஷ்டம்!

இவ்வளவு அழகாக இருந்ததை ஏன் விட்டார்கள்? முதல் பதில், உரல். நெல்லுக்கு மில் வந்த பிறகும் கம்பு பல காலம் வீட்டு உரலில்தான் இடிபட்டது. தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, இடித்து, முறத்தில் புடைத்து, தவிட்டை நீக்கி, மறுபடி இடித்து, அதன் பிறகே அடுப்பில் ஏற்ற முடியும். காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் இதைச் செய்தார்கள். நாளைக்கும் அதேதான், நாளன்றைக்கும் அதேதான். பழைய உணவைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகளில் ஆரோக்கியம் பக்கம் பக்கமாக வரும். உலக்கை பிடித்த கை வருவதில்லை.

இரண்டாவது பதில் இன்னும் கசப்பானது. தானியம் என்பது சாப்பாடு மட்டுமல்ல, கூலியும் அதுதான். தோட்டம் வைத்திருந்த கவுண்டர்களிடம் வருடக் கணக்கில் வேலைக்கு நின்ற பண்ணையாட்கள் பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கூலியில் பெரும்பகுதி கம்பாகவும் சோளமாகவும் அளக்கப்பட்டது. வாங்கிய முன்பணம் தீரும்வரை வேலையை விட்டுப் போக முடியாது. அவர்களுடைய பிள்ளைகள் ஆடு மேய்க்க நிற்பார்கள்; பழையதும் கூழும் பண்ணையத்து வாசலில் தனியே ஊற்றப்படும். பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' நாவல் (2000) அப்படி நின்ற சிறுவர்களைப் பற்றியதுதான். அந்தக் கூழுக்கும் இன்று மண் குவளையில் வரும் கூழுக்கும் செய்முறையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆக, நெல்லுச் சோறு என்பது மரியாதை. நோம்பி நொடி, கல்யாணம், விருந்தாளி வந்தால் மட்டும். இட்லியும் தோசையும் தீபாவளிப் பலகாரம். 1970கள் வரைக்கும் பல கிராமங்களில் இதுதான் நிலைமை. தென்னிந்தியர் என்றாலே தினமும் இட்லி சாப்பிடுகிறவர் என்று வடக்கே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பல்லடத்துப் பிள்ளைகள் வருடம் முழுக்க ஒரு இட்லிக்காகக் காத்திருந்தார்கள்!

இனி ஓட்டல் பக்கம் வருவோம். தமிழ்நாட்டு ஓட்டல் பிறந்ததே அரிசியின் மேல்தான். உடுப்பி ஓட்டலாகட்டும், காபி கிளப்பாகட்டும், இட்லி, தோசை, பொங்கல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அரிசி வேண்டும். 1942ல் பர்மா ஜப்பானியர் கையில் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, ரேஷன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. அப்போதுதான் இந்திய அரசே ஒரு புது மெனு போட்டுப் பார்த்தது. 1950ல் உணவு அமைச்சராக வந்த கே.எம். முன்ஷி ஒரு வேளைச் சோற்றை விடுங்கள், அரிசிக்கும் கோதுமைக்கும் பதில் வேறு சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்தார். அவருடைய மனைவி லீலாவதி முன்ஷி முன்னின்று நடத்திய பெண்கள் அமைப்பு 'அன்னபூர்ணா' என்ற பெயரில் சிற்றுண்டிச் சாலைகளைத் திறந்தது. அங்கே அரிசி, கோதுமை சேராத பலகாரங்கள்தான் கிடைக்கும். (கோவைக்காரர்கள் "நம்ம அன்னபூர்ணாவா?" என்று கேட்க வேண்டாம். அது 1960களில் வந்த வேறு கதை.) மைசூரில் 1950ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் மரவள்ளிக்கிழங்கு மாவையும் நிலக்கடலை மாவையும் கலந்து செயற்கை அரிசியே செய்து பார்த்தது. எதுவும் மக்கள் மனதில் ஒட்டவில்லை. இல்லாமையினால் வரும் மெனுவை யாரும் ஆசையாக ருசி பார்ப்பதில்லை.

ராஜாஜி 1952ல் ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். 1965ல் பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னபோது நாடெங்கும் பல ஓட்டல்கள் அன்று மாலை கதவை மூடின. இரண்டே வருடத்தில் தமிழ்நாட்டில் ஆட்சியே மாறியது. அரிசிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி வந்த அண்ணா, 1967ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2008ல் கருணாநிதியின் ஒரு ரூபாய் அரிசி. 2011ல் ஜெயலலிதாவின் விலையில்லா அரிசி, மாதம் 20 கிலோ.

இதையெல்லாம் "இலவசம்" என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. திருப்பூர், கோவை கிராமங்களில் 1981-82ல் ஆய்வைத் தொடங்கி, கால் நூற்றாண்டு கழித்தும் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனவர் ஜூடித் ஹேயர் என்ற பொருளாதார அறிஞர். பண்ணையாள் முறை தேய்ந்து மறைந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். பனியன் கம்பெனி வேலை அதற்கு ஒரு காரணம். ரேஷன் அரிசி போன்ற அரசுத் திட்டங்கள் இன்னொன்று. வீட்டில் அரிசி இருந்தால், தோட்டக்காரர் அளக்கும் தானியத்துக்காகக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அமுச்சி இட்லி கேட்பது நாக்குக்காக மட்டும் இல்லை.

அரிசி வந்தது, கம்பு போனது. காடு என்ன ஆனது? தண்ணீர் கிடைத்த இடங்களில் மக்காச்சோளம் வந்தது. அது மனிதருக்கு இல்லை, கோழிக்கு. 1984ல் உடுமலையில் தொடங்கிய சுகுணா நிறுவனமும் அதன் பின்னால் வந்தவர்களும் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பைப் பரப்பினார்கள். பல்லடம் கறிக்கோழிக்குத் தலைநகரம் ஆனது. பண்ணைக் கொள்முதல் விலையை பல்லடத்தில் இருக்கும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. பிராய்லர் கோழிக்கு ஆடியும் இல்லை, தையும் இல்லை. ஆறு வாரத்தில் தயார். வருடம் முழுக்க ஒரே மெனு என்பதை ஓட்டல்களுக்குச் சாத்தியமாக்கியது இந்தக் கோழிதான்.

ஆனாலும் ஒரு மாதம் அதற்கு அடங்காது. புரட்டாசி! பெருமாளுக்காகப் பாதி ஊர் கவிச்சியை விடும். கறிக்கோழி விலை சரியும். அசைவ மெஸ்ஸில் ஈ ஓட்டுவார்கள். திருப்பூர் ஓட்டல்காரரைக் கேட்டால் பருவம் என்று அவர் இதைத்தான் சொல்வார். கூடவே இன்னொரு பருவமும் உண்டு: ஷிப்மெண்ட். 1970களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி சூடு பிடித்ததிலிருந்து, ஆர்டர் நெருக்கும் வாரங்களில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகப் பரோட்டாக் கல் நள்ளிரவு வரை காயும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு தென் மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறிவிட்டால் ஊரே வெறிச்சோடி, மெஸ்காரர்களும் பூட்டிவிட்டுப் போவார்கள். வானத்தைப் பார்த்து முடிவான சாப்பாடு, பஞ்சாங்கத்தையும் கன்டெய்னர் லாரியையும் பார்த்து முடிவாகத் தொடங்கியது.

இப்படிப் போன கம்பு எப்படித் திரும்பியது? முதலில் சர்க்கரை நோய். அரிசியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளுக்கு ராகி நினைவு வந்தது. பிறகு நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராகப் போய் இயற்கை விவசாயத்தோடு சிறுதானியத்தையும் பேசினார். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதைக் கேட்டு முன்மொழிந்ததே இந்தியாதான். உமி நீக்கும் இயந்திரங்கள் வந்து உலக்கையின் வேலையை எடுத்துக்கொண்டன. அந்த இயந்திரம் இல்லாவிட்டால் ஓட்டல் மெனு எல்லாம் கனவுதான். விதை ஆராய்ச்சி மட்டும் நடுவில் நிற்கவேயில்லை. கோவையில் சிறுதானியப் பயிர்ப் பெருக்க நிலையம் 1923லேயே வந்துவிட்டது, ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் என்ற விஞ்ஞானி அங்கே சோளத்தையும் கம்பையும் தினையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். சாப்பிடுகிறவர்கள் குறைந்த காலத்திலும் 'கோ' வரிசை ரகங்கள் வந்துகொண்டேயிருந்தன.

ஆனால் மெனுவில் "நம்ம மண்ணின் உணவு" என்று எழுதுவதில் ஒரு சின்னச் சங்கடம் இருக்கிறது. சாமையும் தினையும் திருப்பூர்க் காட்டில் விளைந்து வருவது அபூர்வம். அவை கொல்லிமலை, ஜவ்வாது மலை போன்ற மலைப் பயிர்கள். பாதிக்கு வெளி மாநிலச் சரக்கு. கம்பு இந்தியாவில் அதிகம் விளைவது ராஜஸ்தானில். அங்கே அதை உடம்புக்குச் சூடு என்று குளிர்காலத்தில் ரொட்டி தட்டிச் சாப்பிடுவார்கள். இங்கே அதே கம்பு குளிர்ச்சி என்று கோடையில் கூழாகிறது! திருப்பூரில் கடை வைத்திருக்கும் ராஜஸ்தான்காரர் வீட்டில் மார்கழி உணவு. பக்கத்துக் கொங்கு வீட்டில் சித்திரை உணவு. எது சீசன் என்று எந்த ஓட்டல் மேனேஜர் முடிவு செய்வது?

விலையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அரிசி வாங்க முடியாதவர் சாப்பிட்ட சாமையும் தினையும், இன்று அரிசியைவிட விலை கூடியவை. 2023ல் தமிழக அரசு தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் ராகி கொடுக்கத் தொடங்கியது. சிறுதானியம் மறுபடி எல்லோர் தட்டுக்கும் வர வேண்டும் என்றால் மெனு கார்டைவிட இந்த வழிதான் உருப்படியானது.

இதற்கெல்லாம் நடுவே, கம்பங்கூழ் தெருவை விட்டுப் போகவேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாசி பிறந்து வெயில் ஏறியதும் தள்ளுவண்டிகள் வந்துவிடும். எவர்சில்வர் அண்டாவில் கூழ், சுற்றிலும் மாங்காய், வத்தல், மோர் மிளகாய், வெங்காயம். குடிக்கிறவர்கள் சுமை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், பனியன் கம்பெனிக்குச் சைக்கிளில் துணி மூட்டை கொண்டு போகிறவர்கள். நின்றபடியே இரண்டு சொம்பு குடித்துவிட்டு, தொட்டுக்கொள்ள வைத்ததில் ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் "அந்தச் சுண்டவத்தலையும் எடுத்துப் பாருங்ணா" என்பார்கள். ஆனி முடிந்து ஆடிக் காற்று வீச ஆரம்பித்ததும் அண்டா காணாமல் போகும். அதே வண்டியில் மக்காச்சோளக் கதிர் வெந்துகொண்டிருக்கும்.